கேள்விக் கழுதைகள்

மாஸ்டர் பெங்களூருக்குப் போன ஒன்பதாம் நாள் காலையில், மயில்சாமி பல் துலக்கிக்கொண்டே கதவைத் திறந்தபோது வாசலில் மூன்றே கால்களோடு ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது. அதன் இடது விலாவில், சாம்பல் மயிருக்கு நடுவே கறுப்பு மயிர் எழுத்தெழுத்தாக முளைத்து, 'என் புரோகிராம் வேலை செய்யவில்லை, உதவவும், அவசரம்' என்று முந்தின நாள் அவன் இணையத்தில் கேட்டிருந்த கேள்வி ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. மயில்சாமி வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கழுதை தண்ணீரைத் தொடவில்லை, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கல்யாண போஸ்டரை மாப்பிள்ளை பக்கமிருந்து கிழித்துத் தின்ன ஆரம்பித்தது.

எங்கள் புதூரில் நூல் மில் மூடியபோது, வேலை போனவர்களில் பதினொரு பேரைப் பொறுக்கியெடுத்து, ரேஷன் கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு வைத்தார்கள். நூலைக் கோனில் சுற்றிப் பழகிய கைகளும் பஞ்சுத் தூசியில் வளர்ந்த இருமலுமாக நாங்கள் போய் உட்கார்ந்தோம். சொல்லிக்கொடுக்க வந்த மாஸ்டருக்கு எங்கள் பிள்ளைகளின் வயது. இரண்டு மாதம் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தான், மூன்றாம் மாதம் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. போகிற அன்றைக்குக் கரும்பலகையில் ஒரு இணையதளத்தின் முகவரியை எழுதி, "இனி சந்தேகம் வந்தா இதுல கேளுங்க, உலகம் பூரா இருக்கற தமிழாளுக பதில் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அவனை நான் திட்டவில்லை. நானாக இருந்தாலும் ஏறித்தான் இருப்பேன். என் பெயர் நாகமணி, மில்லில் பதினெட்டு வருஷம், வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர்.

கேட்டோம். கேட்கிற கேள்வியெல்லாம் சாயங்காலத்துக்குள், 'விவரம் போதாது, கேள்வி மூடப்பட்டது' என்று ஒற்றை வரியோடு அடைபட்டது, அடைபட்ட மறுநாள் விடிந்ததும் கேட்டவர் வாசலில் கழுதை வந்து நின்றது. பத்துப் பதினைந்து நாளில் அதன் முறை எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. கேள்வியில் சொல்ல வேண்டியதை விட்டிருந்தால் கழுதைக்குக் கால் குறையும், வேண்டாததைச் சொல்லியிருந்தால் உடம்பு பெருக்கும், கேள்வியைத் திருத்தத் திருத்த விலாவில் பழைய மயிர் உதிர்ந்து புது எழுத்து முளைக்கும். ஆளுக்கு ஒரு கழுதைதான், பதில் கிடைக்கிற வரைக்கும் அது போகாது. இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அதன் பக்கத்திலேயே குடித்தனம் பண்ணித் தெரிந்துகொண்டோம்.

பேரூராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்து எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றின் காதிலும் ஒரு தகர வில்லை மாட்டி, நோட்டில் 'கேள்விக் கழுதை' என்று புதிதாக ஒரு தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டு போனார். கால்நடை டாக்டர் மூன்று காலைப் பார்த்துவிட்டு, இது பிறவிக் குறை, மருந்து இல்லை என்றார். மயில்சாமி நாவிதரைக் கூட்டிவந்து விலாவை மழித்தான், மத்தியானத்துக்குள் எழுத்து திரும்ப முளைத்தது. சந்தைக்கு ஓட்டிப்போய் ஒரு வியாபாரியின் தலையில் கட்டினான், மூன்றே காலால் அத்தனை தூரமும் நடந்து அது திரும்பி வந்தது. ஆரம்பப் பள்ளி டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு கழுதையாக வாசிக்கப் பழக்கினார். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் வெற்றிலை போட்டபடி எங்கள் கேள்விகளைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். நான் என் கழுதையின் மேல் ஈரப் புடவையைக் காயப்போட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். ஒரு மாதத்தில் ஊர் இதற்குப் பழகிப்போனது, பொண்ணு பார்க்க வருகிறவர்கள் அந்த வீட்டுக் கழுதைக்கு எத்தனை கால் என்று விசாரிக்கிற அளவுக்குப் பழகிப்போனது.

பழகாமல் இருந்தவள் என் பக்கத்து வீட்டுக் கோகிலவாணி ஒருத்திதான், ஏனென்றால் அவளிடம் நாள் இல்லை.

அவள் வீட்டுக்காரர் தண்டபாணி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் 'அவினாசி, திருப்பூர், வழியில நிக்காதுங்க' என்று குரல் கொடுத்தால் புதூர் எல்லையிலேயே காதில் விழும், அந்தக் குரலை வைத்துத்தான் நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவோம். அந்தத் தொண்டையில் புற்று வந்துவிட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் குரல்வளையை அடியோடு எடுக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். எடுத்த பிறகு மனிதர் இருப்பார், பேச்சு இருக்காது. கோகிலவாணி அழுது முடித்துவிட்டு, வகுப்பில் படித்த அரைகுறை படிப்பை வைத்து ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தாள். அவருடைய சொற்களையெல்லாம் அவர் குரலிலேயே பதிந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொத்தான், அவர் 'தண்ணி' என்ற பொத்தானைத் தொட்டால் அவர் குரலே 'தண்ணி' என்று கேட்க வேண்டும், இவ்வளவுதான் அவள் ஆசை.

இருநூற்றுப் பத்துச் சொல்லுக்குப் பட்டியல் போட்டாள். தண்ணி, சோறு, வலிக்குது, ஃபேனைப் போடு, பாப்பா எங்கே, கோகிலா. தொண்டை தாங்காது என்பதால் நாளைக்குப் பத்துச் சொல், மூன்று வாரம். மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு சொல்லையும் பதிந்தவுடன் ஒருமுறை ஒலிக்கவிட்டுச் சரிபார்ப்பாள், சுத்தமாக வரும், திரையில் எண் ஒன்று கூடும். கடைசிச் சொல்லும் முடிந்து, மெஷின் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது தெரியாமல் அவர் அவளைப் பார்த்து, "அவ்ளோதானா அம்மணி?" என்று கேட்டார். அதுவும் பதிந்துபோய், திரையில் இருநூற்றுப் பதினொன்று என்று காட்டியது. அவள் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

பொத்தான்களை மாட்டி, 'தண்ணி'யை அழுத்தினாள். "அவ்ளோதானா அம்மணி?" என்றது. 'சோறு' என்பதை அழுத்தினாள். "அவ்ளோதானா அம்மணி?" என்றது. இருநூற்றுப் பதினொரு பொத்தானிலும் அதுவேதான் வந்தது. தண்டபாணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கும் அப்போது பெரிய பயம் இல்லை, சொல்லெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, எடுக்கிற வழிதான் எங்கேயோ அடைத்திருக்கிறது என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆபரேஷனுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது.

அன்றைக்கே கேட்டாள். 'எந்தப் பொத்தானை அழுத்தினாலும் தப்பாக வருகிறது, என்ன செய்வது?' சாயங்காலம் மூடினார்கள், வியாழக்கிழமை விடிந்ததும் அவள் வாசலில் சின்னதாக ஒரு கழுதை வந்து நின்றது, அதற்கு இரண்டே கால், சுவரில் சாய்ந்துதான் நிற்க முடிந்தது.

இங்கேதான் நான் என் மூக்கை நுழைத்தேன். "ஏன் கோகிலா, உனக்குக் கேக்கத் தெரியல. நாலு பேரு மனசு எறங்கற மாதிரி எழுதோணும். சென்னியப்பண்ணன்கிட்டப் போலாம் வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான்தான்.

சென்னியப்பன் தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் மடக்கு மேஜை போட்டு மனு எழுதுகிறவர். எங்கள் ஊரில் ரேஷன் கார்டு வாங்கியவர், பட்டா வாங்கியவர், விதவைப் பென்ஷன் வாங்கியவர் எல்லோருக்கும் அவர் கைதான் எழுதியது. கோகிலவாணி நடந்ததைச் சொன்னாள், அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அந்தப் புரோகிராமுல என்ன கோளாறுன்னு எழுதோணுமுங்களாண்ணா?" என்று அவள் கேட்டாள்.

"அதெல்லாம் மனுவுல எழுதக்கூடாது அம்மணி. மனுங்கறது உள்ள கூப்புட வெக்கறதுக்கு. கூப்புட்டதுக்கப்பறம் நேர்ல நின்னு சொல்லிக்கலாம். முப்பது வருசமா எழுதறேன், எனக்குத் தெரியாதுங்களா?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்டு வாங்கியதெல்லாம் அப்படித்தான் வாங்கினோம், கஷ்டத்தைக் காகிதத்தில் காட்டி, காரியத்தை நேரில் சொல்லி. யாரும் உள்ளே கூப்பிடாத ஒரு ஆபீஸ் உலகத்தில் இருக்கும் என்று சென்னியப்பனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நாலு பக்கம் எழுதினார். அதை வெள்ளிக்கிழமை அவள் அப்படியே தட்டி ஏற்றினாள். 'சமூகத்திற்கு மிகப் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம். ஐயா, மேற்படி விலாசத்தில் பிறந்தது முதல் குடியிருந்து வரும் ஏழையாகிய எனக்கு, கணவர் தண்டபாணியும் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரே மகளும் உண்டு. எனது கணவர் இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்துநராகப் பணிபுரிந்து, தற்சமயம் தொண்டையில் நோய் கண்டு, வருகிற புதன்கிழமை குரலை இழக்க இருப்பதால்' என்று போய், நில விவரம் போய், மில் மூடிய தேதி போய், கடைசியில், 'ஆகவே கருணைகூர்ந்து எனது புரோகிராம் விஷயத்தில் தக்க நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறேன்' என்று முடிந்தது. படிக்கும்போதே எனக்குக் கண் கலங்கியது, இதற்கு மனசு இறங்காதவன் மனுஷனே இல்லை என்று நினைத்தேன்.

அவர்களுக்கும் மனசு இறங்கத்தான் செய்தது. 'உங்கள் நிலைமைக்கு மிகவும் வருந்துகிறோம். கேள்வி என்ன என்று புரியவில்லை. மூடப்பட்டது.'

சனிக்கிழமை காலையில் எங்கள் சந்தில் வெளிச்சம் வரவில்லை. கோகிலவாணியின் கழுதை யானைக்குட்டி அளவுக்கு வளர்ந்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு நின்றது, நாலு பக்க விண்ணப்பமும் அதன் விலாவில் கழுத்திலிருந்து வால் வரைக்கும் பொடிப்பொடி எழுத்தாக ஓடியது. கால் மட்டும் அப்போதும் இரண்டுதான். பால்காரர் அதன் வயிற்றுக்கு அடியில் குனிந்து வந்தார். திங்கட்கிழமை தண்டபாணியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வந்த ஆட்டோ சந்துக்குள் நுழைய முடியாமல், அவர் தன் கட்டைப்பையைத் தானே தூக்கிக்கொண்டு மெயின்ரோடு வரைக்கும் நடந்தார். கழுதையும் பின்னாலேயே சுவரை உரசிக்கொண்டு கோயம்புத்தூர் வரைக்கும் போனது.

ஆஸ்பத்திரியில் கீழ்த்தள வார்டு, ஜன்னலோரக் கட்டில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் படுத்தபடியே, ஜன்னலை அடைத்து நின்ற கழுதையின் விலாவை முதலிலிருந்து கடைசி வரைக்கும் நிதானமாகப் படித்தார். அதற்கப்புறம் நடந்ததைக் கோகிலவாணி என்னிடம் சொல்லியிருக்கிறாள், ஒரு முறையல்ல, பல முறை.

"ஏன் அம்மணி, பொத்தான் கோளாறுக்கு என்ற சீக்கு எதுக்கு இதுல?" என்று கேட்டாராம். அவர் குரல் அப்போது தேய்ந்து கரகரத்துப் போயிருந்தது, ஆனாலும் குரல்தான்.

"சொன்னாத்தானுங்க மனசு எறங்குவாங்க."

"பஸ்ஸுல எடமில்லாம ஏத்திப்போட்டா வண்டி எப்படி நகரும்? எறக்கி உடு. மொதல்ல என்னை எறக்கு."

அவள் போனை எடுத்து, அவர் பெயர் இருந்த வரியை அழித்தாள். ஜன்னலுக்கு வெளியே கழுதை ஒரு சுற்று சிறுத்தது. "தொண்டையை எறக்கு," என்றார், அழித்தாள். "பாப்பாவை எறக்கு. மில்லை எறக்கு. காடு தோட்டத்தை எறக்கு." ஒவ்வொன்றாக அழிக்க அழிக்க, கழுதைக்குப் பின்னாலிருந்த வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது. "புதன்கிழமையை எறக்கு," என்றபோது மட்டும் அவள் கை நின்றுவிட்டது. "எறக்கு அம்மணி, படியில நிக்கறவங்களாலதான் எல்லா வண்டியும் லேட்டு," என்று கண்டக்டர் குரலில் அதட்டினார், அதையும் அழித்தாள். கடைசியில் அவளுடைய கேள்வியில் தண்டபாணியும் இல்லை, அவர் நோயும் இல்லை, நாளையும் இல்லை. 'பல சொற்களைப் பதிந்து சேமித்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கடைசியாகப் பதிந்த சொல் மட்டுமே ஒலிக்கிறது. ஒவ்வொரு பொத்தானும் அதனதன் சொல்லை ஒலிக்க வேண்டும்.' ஆட்டுக்குட்டி அளவுக்கு வந்துவிட்ட கழுதைக்கு மூன்றாவது கால் முளைத்தது. நாலாவது கால் முளைக்கவில்லை, ஏனென்றால் அவள் எழுதிய புரோகிராமின் வரிகள் கேள்வியில் இல்லை, அவை வீட்டில் லேப்டாப்பில் இருந்தன.

எனக்குப் போன் பண்ணினாள். "நாகமணியக்கா, லேப்டாப்ப எடுத்துட்டு வர்றீங்களா?"

அப்போது மணி ஆறு, பஸ் இருந்தது. காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன், ஏழு மணிக்கெல்லாம் உன் கையில் இருக்கும் என்று சொன்னேன். அடுப்பில் குழம்பு இருந்தது.

முதல் பஸ் புதூர் வளைவைத் தாண்டும் முன்னே நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கழுதை படுத்திருந்தது, டிரைவர் ஹாரன் அடித்தார், கண்டக்டர் இறங்கித் தள்ளினார், நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள், அரை மணி நேரம் அது எழுந்திருக்கவில்லை. அது யாருடைய கழுதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதன் முதுகில் என் புடவை காய்ந்துகொண்டிருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"பேசண்டோட சம்சாரத்தைத் தவிர ஒரு துணைக்குத்தாம்மா அனுமதி. அந்தப் பாஸ்ல கழுதை உள்ள போயிருக்குது."

"கழுதைக்குப் பாஸ் குடுத்தீங்களா?"

"அது ராத்திரி பூராக் கூடவே இருந்துச்சு, நீங்க இப்பத்தான வர்றீங்க?"

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இரும்பு நாற்காலியில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள், காலடியில் கழுதை மூன்று காலில் நின்றது. பத்து நிமிஷம் முன்னால்தான் அவரை உள்ளே கொண்டுபோனார்கள் என்றாள். போகும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி ஏதாவது பேசினாரா என்று கேட்டேன். பேசிக்கொண்டேதான் போனார், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம் திருப்பூர் வண்டி நேரத்தைச் சொல்லிக்கொண்டு போனார் என்றாள்.

லேப்டாப்பைத் திறந்து, புரோகிராமின் பன்னிரண்டு வரியையும் எடுத்துக் கேள்விக்குக் கீழே ஒட்டினாள். கழுதைக்கு நாலாவது கால் முளைத்தது. அது சிறுத்துச் சிறுத்துப் பூனைக்குட்டி அளவுக்கு வந்து, தாவி அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. கேள்வியை அனுப்பினாள். நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு நிமிஷத்தில் பதில் வந்தது. எந்த ஊரிலோ இருக்கிற யாரோ, பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண். 'ஆறாவது வரியைப் பாருங்கள். எல்லாச் சொற்களையும் ஒரே பெயரில் சேமிக்கிறீர்கள், அதனால் புதியது பதியும்போது முந்தையது அழிந்துவிடும். பதிந்தவுடன் ஒலிக்கவிட்டால் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். கோப்பின் பெயரோடு ஒரு எண்ணைச் சேர்த்துவிடுங்கள், போதும். அழிந்தவற்றை மீட்க முடியாது. ஆனால் கவலை வேண்டாம், பேசியவரை இன்னொரு முறை பேசச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள், கொஞ்ச நேர வேலைதான். கேள்வியைத் தெளிவாகக் கேட்டதற்கு நன்றி.'

கோகிலவாணி அதை இரண்டு முறை படித்தாள். கழுதையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்த் தியேட்டர் கதவைத் தட்டினாள். ஒரு நர்ஸ் பாதிக் கதவைத் திறந்தார்.

"ஒரே ஒரு நிமிசமுங்க. அவரு கொஞ்சம் பேசோணும். பத்துச் சொல்லு. அஞ்சு சொன்னாக்கூடப் போதுமுங்க."

"மயக்கம் குடுத்து ஆரம்பிச்சாச்சும்மா," என்று சொல்லி, அவள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வாரம். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். அத்தனை நாளும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார், ஆட்டோக்காரரிடம், பால்காரரிடம், கழுதையிடம்கூட. நாலு நிமிஷத்துப் பதில் அது. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது, அடிக்கத் தகுந்த ஆள் அந்த வராந்தாவில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பதிலுக்குக் கீழே, 'இது உங்கள் கேள்விக்குச் சரியான விடையா?' என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அவள், "சரியாத்தானக்கா சொல்லியிருக்காரு, பாவம், காத்துட்டிருப்பாரு" என்று சொல்லி, கட்டத்தில் டிக் போட்டாள். என் மடியிலிருந்த கழுதை கீழே குதித்து, வழவழ தரையில் நாலு காலும் சத்தம் போட நடந்து, வாட்ச்மேனைத் தாண்டி வெளியே போய்விட்டது. அதற்கப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

இப்போது தண்டபாணி வீட்டில்தான் இருக்கிறார். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு துணி. ஆறாவது வரியைக் கோகிலவாணி திருத்திவிட்டாள், புரோகிராம் இப்போது பிசகில்லாமல் ஓடுகிறது, போடுவதற்குச் சொல்தான் இல்லை, எல்லாப் பொத்தானுக்கும் மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பதிவையே வைத்திருக்கிறாள். என் குரலில் பதிந்து தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன், அவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். வகுப்பில் மற்றவர்கள் கேள்வி எழுதினால் அவளிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள், அவள் வேண்டாததை அடித்துக் கொடுக்கிறாள், ஊரில் கழுதைகள் குறைந்துவிட்டன. என்னுடையது மட்டும் வாசலில் நிற்கிறது. நான் அவளிடம் காட்டவில்லை.

சாயங்காலம் நான் அரிசி களைகிற நேரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் 'தண்ணி' என்ற பொத்தானை அழுத்துவார். "அவ்ளோதானா அம்மணி?" என்று பழைய கண்டக்டர் குரல் கேட்கும். கோகிலவாணி அடுப்படியிலிருந்து, "ஆமாங்க, அவ்ளோதானுங்க" என்று பதில் சொல்லிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு போவாள்.